பெட்டிக்குள் நட்டுவாக்காலி

நான் முதன்முதலாக விலை கொடுத்து வாங்கிய தேள் மூன்று வாரங்கள் தானாக வெளியே வந்து என் கண்ணில் படவே இல்லை. 2017 நவம்பரில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்து, அதன்மேல் சிறு விளக்கொன்றைப் பொருத்தி, மாலைதோறும் வேலையிலிருந்து திரும்பியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன் உட்கார்ந்துவிடுவேன். மண்ணும் ஒரு மரப்பட்டையும் தண்ணீர்த் தட்டும் தெரிந்தனவே தவிர, தேளைக் காணவில்லை. நான்காம் நாள் பொறுமையிழந்து பட்டையைத் தூக்கினேன். கவ்வுகளை அகல விரித்து, கொடுக்கை முதுகுக்கு மேல் வளைத்துக்கொண்டு அது நின்ற கோலம் எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. நான் பார்த்து மகிழ்ந்தது அதன் அச்சத்தை என்பதும், அந்தக் காட்சியை மீண்டும் மீண்டும் காண்பதற்காக நான் செய்யப்போகும் காரியங்களே பின்னர் அதற்கு நேர்ந்த தீங்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

தென்காசிக்கு அருகில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வளர்ந்தவனுக்குத் தேள் புதிதன்று. விறகுக் கட்டுக்குள்ளும், செங்கல் அடுக்கிலும், மழைக்காலத்தில் குளியலறை மூலையிலும் அவற்றைக் கண்டிருக்கிறோம். கண்ட இடத்தில் செருப்பால் அடித்திருக்கிறோம். உள்ளங்கை நீளத்துக்குக் கருகருவென்று இருக்கும் நட்டுவாக்காலியைப் பார்த்தால் பெரியவர்களே பத்தடி தள்ளி நிற்பார்கள். நான் தேள் வாங்கிய செய்தியைத் தொலைபேசியில் கேட்ட அம்மா, “ஏய்யா, இங்க நாங்க சும்மா கிடைச்சதையே அடிச்சுக் கொன்னோம், நீ காசு குடுத்தா வாங்கியிருக்க?” என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

கடைக்காரர் அதை ‘எம்பரர்’ என்று சொல்லித்தான் விற்றார். பாண்டினஸ் இம்பரேட்டர் என்ற அறிவியல் பெயர் கொண்ட எம்பரர் தேள் கானா, டோகோ, பெனின், நைஜீரியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு உரியது. இருபது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. வளர்ப்புச் சந்தைக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்று, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் இருப்பது. சில வாரங்கள் கழித்து, அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவர் என் தேளின் படத்தைப் பார்த்துவிட்டு, இது எம்பரர் அல்ல என்றார். எம்பரரின் கவ்வுகள் செம்பழுப்புச் சாயலுடன், மேற்பரப்பெங்கும் குருணை ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருக்கும். என்னுடையதன் கவ்வுகளோ மெருகேற்றிய கருங்கல்லைப் போல வழவழப்பாக, கறுப்பில் இலேசாகப் பச்சை கலந்து மின்னின. அது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பிடித்து அனுப்பப்பட்ட ஹெட்டிரோமெட்ரஸ், அதாவது ஆசியக் காட்டுத்தேள். எங்கள் ஊர் நட்டுவாக்காலிகளும் நெடுங்காலம் அந்தப் பேரினத்துக்குள்தான் வைக்கப்பட்டிருந்தன. 2020-இல் வெளிவந்த விரிவான மறுவகைப்பாட்டுக்குப் பிறகு அவற்றுள் பல ஜைகாண்டோமெட்ரஸ், சஹ்யாத்ரிமெட்ரஸ் போன்ற தனிப் பேரினங்களாகப் பிரிந்துவிட்டன. ஆப்பிரிக்கப் பேரரசரை வாங்கியதாக நினைத்திருந்தவன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தது நட்டுவாக்காலியின் ஒன்றுவிட்ட சகோதரியைத்தான்.

இதை வெறும் பெயர்க் குழப்பமாக ஒதுக்கிவிட முடியாது. இரண்டுக்கும் வேண்டிய வெப்பமும் ஈரமும் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், எம்பரர் பொதுவாக ஒதுங்கிப் போகும் இயல்புடையது. ஆசியக் காட்டுத்தேள் சிறு சீண்டலுக்கும் எதிர்த்து நிற்கும். அதைவிட முக்கியமானது, காட்டில் பிடித்த விலங்கா, வளர்ப்பிடத்தில் பிறந்ததா என்ற கேள்வி. காட்டில் பிடிபட்டவை சிற்றுண்ணிகளையும் குடற்புழுக்களையும் சுமந்து வரலாம், வயது தெரியாது, பெண்ணாக இருந்தால் கருவுற்றிருக்கவும் கூடும். நான் எதையும் கேட்கவில்லை. இப்போது வாங்குபவர்களிடம், பிறந்த ஆண்டையும் தாய்தந்தை யாரிடம் இருக்கின்றன என்பதையும் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டுமே வாங்குங்கள் என்கிறேன்.

இனி, பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முதல் ஏற்பாடு, விருந்தினருக்குக் காட்டுவதற்கு ஏற்ற ஏற்பாடு. அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்கு மண், அதற்கு மேல் அழகுக்குக் கூழாங்கற்கள், பெட்டிக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் சூட்டுத்தாள், மேலே விளக்கு. மண் ஆழம் குறைவாக இருந்தால் தேள் புதைந்து போகாது, கண்ணில் படும் என்பது என் கணக்கு. இரண்டாம் மாதம் அது சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்தியது. பட்டைக்கு அடியில் கண்ணாடித் தரையையே கீறிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. நடுக்கண்டத்தின் ஓரங்கள் உள்வாங்கிச் சுருங்கியிருந்தன.

காரணத்தைப் புரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது. தேளின் உலகில் வெப்பம் எப்போதும் மேலிருந்து வருவது. சுட்டால் அது கீழே தோண்டும், தோண்டினால் குளிர்ச்சியும் ஈரமும் கிடைக்கும். பல கோடி ஆண்டுகளாக அதற்குப் பிழைப்பைத் தந்த அந்த விதியை நான் தலைகீழாக்கியிருந்தேன். என் பெட்டியில் கீழே போகப்போகச் சூடு கூடியது. அடிமண் முதலில் காய்ந்தது. சுடுகிறதே என்று தோண்டிய உயிர், அடுப்புக்கு இன்னும் நெருக்கமாகப் போய்ச் சேர்ந்தது.

அன்றிரவே பெட்டியைக் காலிசெய்தேன். இப்போது என்னிடம் உள்ள எந்தப் பெட்டியிலும் மண்ணின் ஆழம் பதினைந்து சென்டிமீட்டருக்குக் குறைவதில்லை. பெரிய தேளுக்கு இருபது. தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் இங்கே ஊர்வனக் கடைகளில் கிடைக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கத்திலும் இலங்கையிலும் தேங்காய் மட்டை அடித்து மிஞ்சும் தூள்தான் அச்சில் அழுத்தப்பட்டுக் கடல் தாண்டி வருகிறது. 650 கிராம் கட்டி ஒன்று வெந்நீரில் ஊறி எட்டொன்பது லிட்டராக உப்பும். நார்க்கழிவு மட்டும் போட்டால் வளை இடிந்து விழுந்துவிடுவதால், உரம் கலவாத தோட்ட மண்ணை மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கையால் அழுத்திக் கெட்டிப்படுத்துகிறேன். எவ்வளவு ஈரம் என்று கேட்பவர்களுக்குப் புட்டு மாவுப் பதம் என்பேன்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பட்டையின் அடியில் விரலால் சரிவாக ஒரு குழி தொடங்கி வைத்தால் போதும். மிச்சத்தை அது தோண்டிக்கொள்ளும். முதல் வாரம் பெட்டியின் ஒரு பக்கத்தில் மண் குவியல் எழுவதைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

சூட்டுத்தாளைப் பக்கச் சுவரில், மண்மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும், அப்போதுதான் தேள் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். லெஸ்டரின் குளிர்கால இரவில், வீட்டுச் சூடேற்றியை நிறுத்திய பிறகு எங்கள் முன்னறை பதினைந்து பாகைக்கு இறங்கிவிடும். தேளுக்கு வெப்பமான பக்கத்தில் 27, 28 பாகை செல்சியஸும் மறுபக்கத்தில் 23, 24-உம் இருந்தால் போதும். வேண்டிய வெப்பம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சூட்டுத்தாளை ஒருபோதும் இயக்கக் கூடாது. அதிலும் ஒரு பாடம் உண்டு. அதன் உணர்முனையை நான் மண்ணுக்குள் நட்டு வைத்திருந்தேன். தோண்டும் வேலையில் தேள் அதைப் பெயர்த்துக் குளிர்ந்த மூலைக்குத் தள்ளிவிட்டது. கருவி இன்னும் குளிராக இருக்கிறதென்று எண்ணி இரவு முழுவதும் சூட்டை நிறுத்தாமல் செலுத்தியது. அதற்குப் பின் உணர்முனையைப் பெட்டிக்கு வெளியே, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒட்டிவிட்டேன்.

ஈரப்பதம் பற்றிய அறிவுரைகளில் ‘75 முதல் 80 விழுக்காடு’ என்ற எண்ணைத்தான் எங்கும் காண்கிறோம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நான் காலையும் மாலையும் தண்ணீரைத் தெளித்தேன். காற்றுத் துளைகளில் பாதியை ஒட்டுநாடாவால் அடைத்தும் வைத்தேன். ஈரப்பதமானி 80 காட்டியது. பட்டையில் வெண்பூஞ்சணம் படர்ந்தது. தேளின் கால் மூட்டுகளில் மங்கலான கரும்புள்ளிகள் தோன்றின. தேங்கிய காற்றும் ஓயாத மேல் ஈரமும் சேர்ந்தால் தேளின் மேலோட்டையே பூஞ்சை பற்றும். அதற்கு மருந்தென்று நம்பிச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. இடத்தை உலரவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டுவதுதான் வழி. புள்ளிகள் பரவாமல் நின்றது என் நல்வாய்ப்பு. இப்போது தெளிப்பானையே தொடுவதில்லை. பத்து நாளுக்கொருமுறை பெட்டியின் ஒரு மூலையில் அரைக் குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றுகிறேன். அது அடிக்கு இறங்கி அங்கேயே பரவுகிறது. மேல்மண் காய்ந்திருக்கிறது, வளையின் அடி ஈரமாக இருக்கிறது. மானி 60 காட்டினால் காட்டட்டும்; அது அளப்பது என் அறைக் காற்றையொட்டிய மேல்பகுதியைத்தான், தேள் இருப்பது கீழே. ஆழமற்ற தட்டில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அதில் பஞ்சு வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பஞ்சு அழுகி நாறுவதைத் தவிர அதனால் பயனில்லை.

உணவைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. வளர்ந்த தேளுக்கு வாரம் ஒன்றோ இரண்டோ சுவர்க்கோழிகள், அல்லது ஒரு வெட்டுக்கிளி, அல்லது ஒரு டூபியா கரப்பான் போதும். பல வாரங்கள் எதையும் தொடாமல் இருந்தாலும் வயிறு பருத்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பூச்சிகளுக்கு முதல் நாள் கேரட்டும் கீரையும் கொடுத்து அவற்றைக் கொழுக்க வைப்பது நல்லது. வெளியே தோட்டத்தில் பிடித்தவற்றைப் போடக் கூடாது. எந்தத் தோட்டத்துப் பூச்சிமருந்து அவற்றின் உடலில் இருக்கிறதென்று யாரறிவார்? ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: போட்ட பூச்சியை மறுநாள் காலைக்குள் தேள் பிடிக்காவிட்டால், அதைத் தேடி எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் விட்ட ஒரு சுவர்க்கோழி, சட்டை உரித்து வெளிவந்து வெண்ணெயைப் போல மென்மையாகக் கிடந்த இளந்தேள் ஒன்றின் காலையும் வயிற்றையும் இரவோடிரவாகக் கொறித்துக் கொன்றுவிட்டது. சில நாள்களாகவே அந்த இளந்தேள் சாப்பிடாமலும் சோம்பியும் இருந்தது. அது தோலுரிக்கப் போவதன் அறிகுறி. நானோ அதற்குப் பசியைத் தூண்டுவதாக எண்ணி இன்னும் இரண்டு பூச்சிகளை உள்ளே விட்டிருந்தேன்.

கையில் எடுக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. எடுக்கக் கூடாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே, வீட்டுக்கு வந்த நண்பரின் முன் வீரத்தைக் காட்ட, தேளை உள்ளங்கையில் ஏற்றினேன். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. கட்டை விரலின் அடிச்சதையை ஒரு கவ்வால் பற்றிக்கொண்டது. சுத்தியலும் இடுக்கியும் சேர்ந்த வலி அது. உதறினால் தேள் தரையில் விழுந்து உடல் பிளந்து சாகும், பிடித்து இழுத்தால் கொட்டும். எனவே கையை மெல்லப் பெட்டிக்குள் இறக்கி மண்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நிமிடம் கழித்துத் தானாக விட்டுவிட்டுப் பட்டைக்கு அடியில் போய்விட்டது. இரத்தம் வந்தது. சமையலறையிலிருந்து என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டபோது, திருடனுக்குத் தேள் கொட்டியது என்பார்களே, அந்த நிலைமையில் நானும் நண்பரும் வாய்மூடி நின்றோம்.

அன்று அது கொட்டவில்லை. கொட்டியிருந்தாலும் காட்டுத்தேளின் நஞ்சு பெரும்பாலோருக்குத் தேனீ, குளவி கொட்டியது போன்ற வலியோடும் வீக்கத்தோடும் நின்றுவிடும். பெருத்த கவ்வுகளை நம்பி வாழும் தேள்களுக்குக் கொடுக்கின் கடுமை பொதுவாகக் குறைவு. ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு எந்த நஞ்சும் ஆபத்தாகலாம். கொட்டிய இடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, மூச்சுத் திணறலோ முகவீக்கமோ உடலெங்கும் தடிப்போ தோன்றினால் உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நான் இப்போது பெட்டிக்குள் செய்யும் எந்த வேலைக்கும் முப்பது சென்டிமீட்டர் நீள இடுக்கியைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் முனையில் மெத்தைப் பஞ்சு சுற்றியிருக்கும். ஏனெனில் வெறும் உலோக முனை தேளின் காலை நசுக்கிவிடும். தேளை இடம் மாற்ற வேண்டுமானால் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை அதன் முன் சாய்த்துப் பிடித்து, பின்னாலிருந்து தூரிகையால் மெல்லத் தொட்டால் தானாக உள்ளே நடந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து பேசும் சில இளைஞர்கள், ஊரிலேயே பிடித்து வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். நட்டுவாக்காலியைத் தேடிக் கல்லைப் புரட்டும் கை, செந்தேள் இருக்கும் கல்லையும் புரட்டும். ஹொட்டென்டோட்டா டாமுலஸ் என்ற அந்தச் சிறு செந்தேளின் அறிவியல் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. நீளம் விரலளவுதான், கவ்வுகள் மெலிந்தவை, ஆனால் அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கி, நுரையீரலில் நீர் கோக்கச் செய்து, குறிப்பாகக் குழந்தைகளைக் கொல்லக்கூடியது. மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில், மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை இத்தகைய நோயாளிகளைக் காப்பாற்றுவதை 1980-களில் எடுத்துக்காட்டினார்; 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மாத்திரை இருக்கிறது என்பது துணிச்சலுக்குக் காரணமாகக் கூடாது. பிரிட்டனில் 1976-ஆம் ஆண்டின் அபாயகரமான காட்டு விலங்குகள் சட்டத்தின்படி, செந்தேள் அடங்கிய பூத்திடே குடும்பத்துத் தேள்களை உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் இன்றி வைத்திருக்க முடியாது. உரிமம் கிடைத்தாலும் நான் அவற்றை வாங்கமாட்டேன். அதே நாட்டின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றை மட்டுமே விலங்கென்று கணக்கில் கொள்கிறது. தேளிடமிருந்து மனிதனைக் காக்கச் சட்டம் உண்டு, தேளைக் காக்கக் கிடையாது.

2018 ஜூலையில் அது குட்டி போட்டது. அதன் வயிற்றுக் கண்டங்களுக்கு இடையே வெண்ணிறச் சவ்வு கோடுகோடாகத் தெரியும் அளவுக்கு உப்பியிருந்ததை நான் நன்றாகச் சாப்பிடுகிறது என்றே நினைத்திருந்தேன். காட்டிலேயே கருவுற்று வந்திருக்கிறது. இவ்வகைத் தேள்களின் கர்ப்பகாலம் ஓராண்டை நெருங்கக்கூடியது. குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும், தாய் செத்துவிடும் என்று எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிறந்து, தாய் வளைத்துக்கொடுத்த கால்களில் தொற்றி முதுகில் ஏறிக்கொள்கின்றன. முதல் சட்டையை உரிக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், எதையும் உண்ணாமல் அங்கேயே கிடக்கின்றன. பாட்டியின் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்பதை நான் ஊகித்துக்கொண்டேன்: அடித்துக் கொன்ற தாய்த்தேளின் உடலிலிருந்து குட்டிகள் சிதறி ஓடுவதைப் பார்த்தவர்கள் வேறெப்படி நினைத்திருப்பார்கள்?

காலையில் தண்ணீர் மாற்றும்போது வளையின் வாயில் அரிசிமணிபோல் வெள்ளையாக ஒன்று அசைவதைக் கண்டேன். அப்போதாவது மூடியைப் போட்டுவிட்டு விலகியிருக்க வேண்டும். பட்டையைத் தூக்கினேன். தாயின் முதுகு முழுவதும் பால்வெள்ளைக் குட்டிகள். எண்ணியபோது இருபத்து மூன்று. படமெடுத்தேன், ஊருக்கு அனுப்பினேன், மாலையில் மகன் பள்ளியிலிருந்து வந்ததும் மீண்டும் தூக்கினேன், மறுநாள் வெளிச்சம் நன்றாக விழவில்லையென்று இன்னொரு முறை தூக்கினேன். மூன்றாம் நாள் எண்ணியபோது பதினான்கு இருந்தன. தாயின் வாயருகில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. தன் வளைக்கு ஓயாமல் ஆபத்து வருவதாக அறியும் தேள் தன் குட்டிகளையே தின்றுவிடும் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். என் கை தூக்கும் பட்டை அதற்கு ஆபத்தாகத் தோன்றும் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

அன்று பெட்டியின் நான்கு பக்கமும் கறுப்பு அட்டையை ஒட்டி, மாடி அறையின் அலமாரிக்குள் வைத்தேன். தண்ணீர் ஊற்றும்போது தவிர மூடியைத் திறக்கவில்லை. பதினான்கும் பிழைத்தன. இரண்டு வாரத்துக்குப் பின் நிறம் மாறி முதுகிலிருந்து இறங்கின. தாய் பிய்த்துப் போட்ட சுவர்க்கோழித் துண்டைச் சூழ்ந்து அவை மொய்த்ததை ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது தற்செயலாகக் கண்டேன். இரண்டு மாதம் கழித்து அவற்றைத் தனித்தனி டப்பாக்களுக்கு மாற்றினேன். காட்டுத்தேள்கள் கூடி வாழக்கூடியவை என்றாலும், இடமும் உணவும் குறைந்தால் பெரியது சிறியதைத் தின்னும். மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மெல்ல மெல்லக் கொடுத்துவிட்டேன். வாங்க வந்தவர்களுள் கையில் எடுக்கலாமா என்று முதலில் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு குட்டி தப்பியும் போனது. வழவழப்பான கண்ணாடியில் தேளால் ஏற முடியாது என்பது சரி. ஆனால் கண்ணாடிகள் சேரும் மூலையில் பூசிய சிலிக்கோன் கோடு அதற்கு ஏணி. மூடியின் காற்றுத்துளை ஒன்றில் வலை கிழிந்திருந்ததும் எனக்குத் தெரியாது. இரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சுடன் தரையோடு தரையாகத் தவழ்ந்து தேடினேன். தேளின் மேலோட்டில் உள்ள சில வேதிப்பொருள்கள் புற ஊதா ஒளியில் நீலப்பச்சையாக ஒளிர்கின்றன. மலிவான 395 நானோமீட்டர் டார்ச்சுகளில் ஊதா வெளிச்சமே மிகுந்து கண்ணை ஏமாற்றும். வெள்ளைச் சட்டை நூலும் காகிதத் துணுக்கும்கூட ஒளிரும், ஆனால் அவற்றின் நிறம் வெளிர்நீலம். இரண்டு மணி நேரம் கழித்துக் குளியலறைக் குழாய்க்கு அடியில், ஈரமான இடத்தில் அந்தப் பச்சைப் புள்ளியைக் கண்டேன். தேள் வைத்திருப்பவர் வீட்டில் நல்ல டார்ச் ஒன்று இருந்தே ஆக வேண்டும். புதிதாகச் சட்டை உரித்த தேள் ஓடு கெட்டிப்படும்வரை ஒளிராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்போது தப்பினால் டார்ச் உதவாது.

2019 ஆகஸ்டில் அதே டார்ச்சை எடுத்துக்கொண்டு கென்ட் மாவட்டத்தில் ஷெப்பி தீவின் ஷீர்னெஸ் துறைமுகத்துக்குப் போனோம். தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்த மஞ்சள்வால் தேள்கள் பழைய கப்பல்களின் சரக்கோடு வந்திறங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்குள்ள மதில்களின் விரிசல்களில் குடியிருக்கின்றன. நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம், மனிதருக்குத் தீங்கற்றவை. இருட்டியபின் மதிலில் ஒளியைப் பாய்ச்சினால், செங்கற்களுக்கு இடையிலிருந்து இரண்டு கவ்வுகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு விரிசலின் முன் மடக்கு நாற்காலி போட்டு, அவ்வப்போது மட்டும் ஒளியைக் காட்டி, ஒன்றரை மணி நேரம் இருந்தேன். அது ஒரு விரல் நீளம்கூட நகரவில்லை. யாரும் அடைத்து வைக்காத தேள், போக இத்தனை பெரிய மதில் இருந்தும், தன் விரிசலை விட்டு வெளியே வர விரும்பவில்லை. வீட்டில் இருப்பது சலிப்படைந்திருக்கும் என்று நினைத்துப் பெட்டிக்குள் கல்லையும் கட்டையையும் மாதந்தோறும் இடம் மாற்றிக்கொண்டிருந்த வழக்கத்தை அத்துடன் விட்டேன்.

தாய்த்தேள் 2022 பிப்ரவரியில் இறந்தது. அது என்று நிகழ்ந்தது என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. அட்டையை ஒட்டிய பின்னும், இரவு படுக்கப் போகுமுன் மேலிருந்து ஒரு நொடி டார்ச்சைக் காட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. வளையின் வாயில் அந்தப் பச்சை ஒளி தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். நான்கு இரவுகள் அதே இடத்தில், அதே சாய்வில் ஒளிர்ந்தது. ஐந்தாம் நாள் நாற்றத்தால்தான் அறிந்தேன். ஒளிர்வது ஓட்டின் இயல்பு. உள்ளே உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒளிரும். அதையும் நான் எங்கோ படித்திருந்தேன்.

அந்தப் பெட்டியில் இப்போது அதன் மகள்களில் ஒன்று இருக்கிறது. டார்ச்சைத் தப்பியதைத் தேடுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, ஞாயிறு மாலைகளில் வளையின் முன்னே உலர்ந்த நார்த்தூளை ஒரு பிடி தூவி, தூரிகையால் நிரவிவிடுகிறேன். காலையில் தடம் பார்த்தால் போதும்: எட்டுக் கால்களின் புள்ளிவரிசை இருக்கும், தண்ணீர்த் தட்டுவரை போயிருந்தால் தெரியும், பூச்சியைப் பிடித்த இடத்தில் தூள் கலைந்திருக்கும். குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன். இரண்டு வாரம் தொடர்ந்து தடம் இல்லாவிட்டால் மட்டுமே திறந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். சென்ற திங்கட்கிழமை தட்டுவரை போய்த் திரும்பிய தடம் இருந்தது; தட்டின் விளிம்பில் கொஞ்சம் ஈர மண்ணும் ஒட்டியிருந்தது. மகளைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது.